கொழுந்தியாள் வீட்டு விலாசம்

நார்பர்ட் பாவ்லக்குக்கு இரண்டைக் கண்டால் ஆகாது. ஒன்று, அவர் பிறந்து வளர்ந்த நியூயார்க் மாநிலம். இன்னொன்று, அந்த மாநிலத்தை விட்டு நகர மாட்டேன் என்று பஃபலோவில் உட்கார்ந்திருக்கும் கொழுந்தியாள் ஜெரால்டின். ஸ்டீயரிங் தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்த கையோடு மனைவி ஐரீனைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கு ஓடி வந்துவிட்டார். இங்கே மாநில வருமான வரி இல்லை, பனி இல்லை, ஜெரால்டினும் இல்லை.

காலையில் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "கொள்ளைக்காரப் பசங்க ஊரு" என்று பிறந்த மாநிலத்தை ஒரு பாட்டம் திட்டினால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். குளத்தில் நிற்கிற மற்றவர்களும் ஒஹையோ, மிச்சிகன் என்று ஓடி வந்தவர்கள்தான். ஆளுக்கு ஒரு மாநிலத்தைத் திட்டுவார்கள்.

அறுபத்தைந்து வயதானால் மெடிகேர் என்கிற அரசாங்க மருத்துவக் காப்பீடு வந்துவிடும். ஆனால் அது முழுச் செலவையும் கொடுக்காது. விட்டுப்போன மீதியை அடைக்க, மாதாமாதம் சந்தா கட்டித் துணைக் காப்பீடு வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், மொத்த வைத்தியத்தையும் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்து இலவசத் திட்டத்தில் சேரலாம். ஐரீன் சந்தா கட்டினாள். நார்பர்ட் இலவசத்தில் சேர்ந்தார். பல் வைத்தியம் சும்மா, உடற்பயிற்சிக் கூடம் சும்மா. அந்தக் கூடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. அங்கே கொடுத்த பையை மட்டும் தினமும் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்.

"வராத நோய்க்கு மொய் வைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று ஐரீனைக் கேலி செய்வதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு டுவேனையும் பிடித்தார். ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், மனைவியை இழந்தவர், யார் என்ன சொன்னாலும் நம்புகிற ரகம். அந்தக் கம்பெனி நடத்திய இலவச மாட்டிறைச்சி விருந்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். இருந்த துணைக் காப்பீட்டை டுவேன் அங்கேயே கைகழுவினார். ஓர் ஆத்மாவைக் கரையேற்றிய பாதிரியார் மாதிரி நார்பர்ட் வீடு திரும்பினார்.

நான்கைந்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் நார்பர்டுக்குக் குளத்தின் படியேறினாலே மூச்சு இரைத்தது. இருதய வால்வு போய்விட்டது, சீக்கிரம் மாற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அதை நன்றாகச் செய்கிற ஆஸ்பத்திரி இலவசத் திட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. கம்பெனி கைகாட்டிய ஆஸ்பத்திரிக்கோ கம்பெனியே அனுமதி கொடுக்கவில்லை. போனில் கூப்பிட்டால், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டுத்தான்.

"சரி, நானும் துணைக் காப்பீடே வாங்கிக்கறேன்" என்று, ஏதோ அந்தக் கம்பெனிகளுக்குத் தயவு பண்ணுகிற தோரணையில் கிளம்பினார். இருதயத்தில் கோளாறு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த கம்பெனியிலும் அதே கதை. அறுபத்தைந்தில் கொஞ்ச காலம் கேள்வியே கேட்காமல் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள், அப்புறம் இந்த மாநிலத்தில் நோயாளி என்று தெரிந்தால் சாத்திவிடலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதெல்லாம் ஒரு நியாயமா என்று வீட்டில் குதித்தார்.

ஐரீன் பம்ப்ளிமாஸை அறுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு ஊர்ல அப்படிக் கேக்க மாட்டாங்களாம். எந்த வயசானாலும், எந்த நோய் இருந்தாலும், எல்லாருக்கும் ஒரே விலைக்குக் குடுத்தே ஆகணுமாம். சட்டமாம். ஜெரால்டின் சொன்னா."

"எந்த ஊர்ல?"

"கொள்ளைக்காரப் பசங்க ஊர்ல. ஆனா அங்க குடியிருக்கணும்."

கடைசியில் ஐரீன்தான் தங்கைக்குப் போன் போட்டாள். கீழ்த்தள அறை காலியாகத்தான் இருக்கிறது, அத்தான் தாராளமாக வரலாம், ஹீட்டர் மட்டும் சுமாராகத்தான் எரியும் என்றாள் ஜெரால்டின். கூட வருகிறாயா என்று மனைவியைக் கேட்டார். தனக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இடம் உண்டு, தான் எதற்குப் பனியில் விறைக்க வேண்டும் என்று ஐரீன் கேட்டுவிட்டாள். டுவேன்தான் விமான நிலையத்தில் கொண்டுவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நார்பர்ட் மறுபடியும் நியூயார்க்வாசி. கீழே அவர், மேலே ஜெரால்டினின் செருப்புச் சத்தம். இலவசத் திட்டத்தைத் தலைமுழுகினார், துணைக் காப்பீடு கிடைத்தது. இருதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மனுஷனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நல்ல ஆஸ்பத்திரியில் வால்வை மாற்றினார்கள். வாங்கிய காப்பீடு எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும் என்பதால், மார்ச்சில் ஃப்ளோரிடாவுக்குத் திரும்பிவிட்டார்.

வந்த முதல் காலையே குளத்தில் இறங்கி, "மனுஷத்தன்மை உள்ள மாநிலம்னா அது எங்க ஊருதான்" என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். டுவேன் மட்டும் தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நின்றிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சிறுநீரகத்தில் கட்டி, அவருக்கும் அதே பாட்டைத்தான் போடுகிறார்கள் என்று தெரிந்தது.

நார்பர்ட் உற்சாகமாக வழி சொன்னார். சொந்த ஊருக்குப் போ, ஓர் அறை எடு, குடியிருப்பை மாற்று, அவ்வளவுதான்.

"நான் ஒஹையோப்பா" என்றார் டுவேன். "அங்கயும் கேள்வி கேப்பாங்களாம். விசாரிச்சுட்டேன்."

"நியூயார்க்ல உனக்கு யாராச்சும்..."

"எனக்கு யாரு இருக்கா?" கோபமே இல்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நார்பர்ட் சமாளித்திருப்பார்.

ஈரக் காலோடு வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஜெரால்டினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வரச் சொல்லுங்க" என்றாள் அவள். "ஆனா நீங்களும் கூட வரணும் அத்தான். அந்த மனுஷனை அதுல சேத்துவிட்டது யாரு? ஆஸ்பத்திரிக்கு நானா கூட்டிட்டு அலையறது?"

அங்கே இன்னும் பனி கொட்டுகிறதா என்று நார்பர்ட் கேட்டார். கொட்டுகிறது என்றாள். பெட்டியை எடுக்க உள்ளே போனார்.