கூப்பிட்டும் இறங்காதவன்

அந்தக் கட்டடத்தில் குழாய் வேலை பார்ப்பவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் 'முன்மாதிரி'. பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் அதிகாரி ஒருமுறை வகுப்பில் அவனை அப்படிச் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது.

"என்ன முன்மாதிரி, நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா கதவத் தொறப்பியா, இல்ல ரூல்ஸ் பாத்துட்டு நிப்பியா?" என்பார் எலக்ட்ரீஷியன். அவனும் சிரித்து வைப்பான்.

அந்தப் பெயருக்குக் காரணமான அன்று, அடித்தளத்துக் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அங்கேயே வேலை பார்த்த அவனுடைய அக்கா வீட்டுக்காரர் உள்ளே இறங்கினார். இவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாயில் சிக்குகிறதென்று மாமா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். விஷவாயுவில் விழுந்தவரைத் தூக்கத் தானும் இறங்கக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்ன பாடம். வாக்கிடாக்கியில் தொண்டை கிழியக் கத்தினான். வாயு முகமூடி மாட்டிய மீட்பு ஆட்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இவனும் இறங்கியிருந்தால் இரண்டு பிணம் என்று டாக்டரே சொன்னார். துக்க வீட்டில் அக்கா கேட்டது ஒன்றுதான். "கடைசியா ஏதாவது சொன்னாராடா?"

"இல்லக்கா. உடனே மயங்கிட்டாரு."

விசாரணையில் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான். அக்கா இன்னும் இவனோடு முகம் கொடுத்துப் பேசுவது அந்த ஒரு பொய்யின் தயவில்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

நிர்வாகம் அவளுக்கு அதே கட்டடத்தில் துப்புரவு வேலை போட்டுக் கொடுத்தது. புதிதாகச் சேர்பவர்கள் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும். வகுப்புக்கு முன்னால் அவன் அதிகாரியின் பின்னாலேயே ஓடினான்.

"சார், இன்னைக்கு என் கதை வேணாம் சார். எங்க அக்கா உக்காந்திருக்கு."

"அட, பாராட்டத்தானேய்யா போறேன்! அவங்களும் பெருமப்படட்டும்."

அதிகாரி நல்ல மனுஷர்தான். நிஜமாகவே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "உள்ளேருந்து 'மாப்ளே, மாப்ளே'ன்னு சொந்த மாமா கூப்பிடறாரு. அப்பவும் இவர் இறங்கல. அதுதாங்க பயிற்சி!"

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

"கூப்பிட்டாராடா?"

அவன் தலையசைத்தான்.

"நீ என்ன சொன்ன?"

"இருங்க மாமா, ஆள் வர்றாங்கன்னு சொன்னேன்க்கா."

"நம்பியிருப்பாரு," என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அதன்பிறகு தீயணைப்புக் கருவியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் வரிசையில் நின்று, சொன்னபடி அதன் பூட்டு ஊசியை இழுத்து, குழலை நீட்டிக் காட்டினாள். வகுப்பு கலைந்ததும் அதிகாரியிடம் போனாள்.

"சார், என்னை வேற பில்டிங்குக்கு மாத்திக் குடுங்க."

"ஏம்மா? இங்கன்னா தம்பி துணைக்கு இருக்காருல்ல?"

இரண்டடி தள்ளி அவன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல சார்."

அதிகாரிக்குப் புரியவில்லை. சரி, பார்க்கலாம் என்றார். அவன் அடுத்த நாற்காலியை எடுத்தான்.