வேறு பேங்குக்குப் போகிறேன் என்றேன்

எங்கள் வீட்டுப் பத்திரம் பதினோரு வருடமாக வில்லியனூரில் ஒரு பேங்கில் இருக்கிறது. இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். கொடுத்த நாளுக்குப் பிறகு நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில், என் பெயரில் இருந்த மனையில் கட்டிய வீடு. கடன் என் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. மகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். நான் பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். இருபது வருடக் கடன், இருநூற்று நாற்பது தவணை. நூற்று முப்பத்திரண்டு கட்டியாயிற்று. மீதி நூற்றெட்டு. எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. எழுபத்தாறில் நானே போய்க் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுச் சான்று வேண்டும், கடலூரில் இருக்கும் மகளும் மருமகனும் வர வேண்டும், ஆளாளுக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள். என் காலத்திலேயே பத்திரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மகனுக்கு வருமான வரிக்காக வட்டிச் சான்று வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். கடைசி வரியில் மீதித் தவணை நூற்று ஐம்பத்தொன்று என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவனுக்கு நாற்பத்து மூன்று தவணை எங்கிருந்து வந்தது?

மறுநாளே போனேன். கடன் பிரிவில் இருந்த பையன் கணினியைவிட்டுத் தலையைத் திருப்பாமல் பேசினான்.

"வட்டி ஏறிச்சு இல்ல சார். மாசம் கட்ற பணத்த ஏத்தினா உங்களுக்குச் சிரமம். அதான் மாசத்த ஏத்திட்டோம்."

"யாரக் கேட்டு ஏத்தினீங்க?"

"சிஸ்டமே ஏத்திக்கும் சார்."

வட்டி இறங்கியபோது அதே சிஸ்டம் ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். டோக்கன் நம்பர் அடுத்தவருக்குப் போய்விட்டது.

அந்த வாரமே இன்னொரு பேங்கின் ஆள் பைக்கில் வீட்டுக்கு வந்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கடனும் என் எரிச்சலும் அவனுக்கு எப்படித் தெரிந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தான் போனில் ஏதோ தேடியதாகவும், அதிலிருந்து வந்திருப்பான் என்றும் மகன் சொன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை. வந்து மூன்று நிமிடம் ஆகவில்லை, என்னை அப்பா என்று கூப்பிட்டான்.

"அப்பா, நம்ம பேங்க்ல ஒன்றர பர்சன்ட் கம்மி. நீங்க ஒக்காந்த எடத்துல ஒக்காருங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

என் மனைவி அவனுக்கு மோர் கொடுத்தாள். "நல்ல புள்ளயா இருக்கான், இன்னா அப்பிடி மொறைக்கறீங்க?" என்றாள் உள்ளே வந்து.

"மோரு குடிக்கறவன்லாம் நல்ல புள்ளயா?"

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாபம்தான். அவன் கேட்டது இரண்டு காகிதம். கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம், பழைய பேங்கில் இருக்கும் பத்திரங்களின் பட்டியல். அந்த இரண்டுக்கு ஐந்து தடவை பஸ் ஏறினேன். ஒருநாள் அதிகாரி லீவு. ஒருநாள் அவருக்கு மாற்றல். ஒருநாள் சென்னையிலிருந்து வரணும் என்றார்கள். பத்திரம் இங்கே இருக்கும்போது பட்டியல் ஏன் சென்னையிலிருந்து வர வேண்டும்? தொலைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் காகிதம் வந்தது. பட்டியலில் பத்திரம் எல்லாம் இருந்தது. பட்டியலில்தான் இருந்தது.

பிறகு புது பேங்க் சார்பில் ஒரு பொறியாளர் வீட்டை அளந்து மதிப்புப் போட வந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

எங்கள் வீடு தெருக்குத்து வீடு. தெரு நேராக ஓடிவந்து எங்கள் தெற்குச் சுவரில் முட்டி நிற்கும். அதனால் கட்டும்போதே சுவரில் ஒரு மாடம் விட்டு, தெருவைப் பார்த்தபடி ஒரு பிள்ளையாரை வைத்தோம். இந்தப் பக்கம் தெருக்குத்து உள்ளவர்கள் எல்லோரும் செய்வதுதான். முதலில் நாங்கள் மட்டும் விளக்கேற்றினோம். பிறகு தெருவே ஏற்ற ஆரம்பித்தது. யாரோ ஓடு பதித்தார்கள், யாரோ மணி கட்டினார்கள். விளக்கு எண்ணெய்க்கென்று ஒரு தகர உண்டியலையும் வைத்துவிட்டார்கள். பழைய பேங்க் கடன் கொடுத்தபோது அது வெறும் மனை. கட்டி முடிந்தபின் அவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை.

பொறியாளர் டேப்பைப் பிடித்துக்கொண்டு தெற்குச் சுவருக்கு வந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு பேர்.

"இது யாரு கோயில் சார்?" என்றார் பொறியாளர்.

"கோயிலா? எங்க வூட்டு செவுருங்க அது" என்றாள் என் மனைவி.

"உண்டியல் இருக்கே?"

"அது எண்ணெய்க்கு வச்சது. தெருக்காரங்க வச்சது" என்றேன். சொல்லி முடித்ததும் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அம்மாள் விபூதித் தட்டோடு என் பக்கம் திரும்பினார். "இன்னா பெரியவரே, புள்ளையாரயும் சேத்து அடமானம் வெக்கிறீயா?" நான்கு பேரும் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து, பைக்கில் வந்த அந்த ஆள் போன் செய்தான். இந்த முறை அப்பா போய் சார் ஆகியிருந்தது.

"சார், எங்க பேங்க் வக்கீல் ஒத்துக்கலை. தெருவே வந்து கும்புடுதுன்னா அது பொதுக் கோயில்னு நாளைக்கு யாராவது கேஸ் போடுவாங்களாம். அந்தச் செலய எடுத்துட்டீங்கன்னா மறுபடி பாக்கலாம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி கேட்டுவிட்டாள். "அவன் பேங்கும் வேணாம், அவன் வட்டியும் வேணாம். எடுக்கறதாமே!" என்று சமையலறைக்குப் போனவள் அன்று சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை. எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய பேங்கிலிருந்து அழைப்பு. மேனேஜர் அம்மா பார்க்க வேண்டுமாம். ஐந்து தடவை போனபோது எட்டிக்கூடப் பார்க்காதவர். பிள்ளையார் விஷயம் இங்கேயும் வந்துவிட்டது, முழுப் பணத்தையும் கட்டு என்று சொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாற்காலி போட்டார்கள். டீயும் வந்தது. நான் தொடவில்லை.

"இவ்ளோ வருஷப் பழக்கம், ஏன் சார் போறீங்க?" என்றார் மேனேஜர் அம்மா.

"வட்டி கம்மி பண்றாங்கம்மா."

"அங்க எல்லாம் முடிஞ்சிடுச்சா?"

மகன் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை. "வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் கொஞ்சநேரம் தட்டச்சு செய்தார். "ஒரு சின்ன கட்டணம் கட்டிட்டு லெட்டர் குடுத்தீங்கன்னா நாங்களே கொறச்சுடுவோம் சார். அவங்க அளவுக்கு இல்லன்னாலும் கிட்டத்தட்ட வரும்."

"இது எப்பலேந்து இருக்கும்மா?"

"எப்பவும் இருக்கறதுதான். நீங்க கேக்கலையே."

பதினோரு வருடம். கேட்டால்தான் குறைப்பார்களாம். கேட்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருந்தார்கள் என்று வாய்வரை வந்தது. அவர் இன்னும் ஏதாவது விசாரித்தால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டேன்.

"எத்தன தவணை வரும்?"

"நூத்தி முப்பத்தி நாலு."

எழுபத்தெட்டு வயதும் இரண்டு மாதமும். நான் நினைத்திருந்த எழுபத்தாறு இல்லை. சிஸ்டம் சேர்த்த நாற்பத்து மூன்றில் பதினேழுதான் திரும்ப வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். மூன்று இடம். மூன்றையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

"இனிமே எங்களோடயே இருங்க சார்" என்று சிரித்தார்.

"பாப்போம்மா" என்றேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மகன் வாய்விட்டுச் சிரித்தான். "பாப்போம்ன்றியேப்பா, நம்மள வேற யாரு எடுப்பான்?"

டீக்கடையில் அந்தக் கடன் பிரிவுப் பையன் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

"மெதுவாப் பேசுடா" என்றேன். "ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வந்து வேற பேங்குக்குப் போறேன்னு சொல்லணும். பஸ்ஸு வரட்டும், ஏறினப்பறம் சிரி."