கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் கேசட்டுக்கு இருந்த கிராக்கி

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குத் தேனி வண்டி ஏறினோம். 2002, ஆடி மாதம். டிக்கெட் ஆளுக்கு இருபத்து நான்கு ரூபாய், தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஜன்னல் ஓரத்தில் விக்டர், அவன் பக்கத்தில் நான், என் பக்கத்தில் என் பயம். மூன்று பேர் சீட்டு, சரியாக இருந்தது.

விக்டர் யார், நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெரம்பூரில் 'சம்மட்டி' என்று ஒரு ஹெவி மெட்டல் குழு இருபது வருடமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விக்டர் அதில் பாடகன். அந்தக் காலத்தில் அவன் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் எடுத்தால் மூன்று தெரு தள்ளி வீடுகளில் விளக்கு எரியும். நான் டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் மின்விசிறி ரிப்பேர்.

முதல் மூன்று கேசட்டும் அந்தச் சத்தத்தில்தான் வந்தன, விற்கவில்லை. அவற்றைக் கேட்ட சிலர் இன்றைக்கும் நடுத்தெருவில் மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் கையைப் பிடிப்பவர்களை நம்பி ஸ்டூடியோ வாடகை கட்ட முடியாது. ஆகவே 1996-ல் வியாபாரத்தில் இறங்கினோம். முடியை வெட்டினோம். ஐந்து பேரும் வானநீலச் சட்டை போட்டு, ஆளுக்கொரு முயல்குட்டியைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டோம். கேசட்டின் பெயர் 'வெல்வெட் வானம்'. எட்டுப் பாட்டும் காதல். அதில் டிரம்ஸ் வாசித்தது டிபன் கேரியர் அளவில் ஒரு மெஷின். என் பங்கு முயலைப் பிடித்தது மட்டும்தான். அதுவும் என் சட்டையை நனைத்துவிட்டது.

ஒரு வருடம் நன்றாக ஓடி, நின்றுபோனது. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின மாதம் கேசட் கம்பெனிக்காரர் விக்டரைக் கூப்பிட்டு ஓர் அதிசயத்தைச் சொன்னார். எல்லா ஊரிலும் செத்துப்போன 'வெல்வெட் வானம்' கம்பத்தில் மட்டும் போய்க்கொண்டிருக்கிறதாம். வருடா வருடம் கூடுகிறதாம். விக்டர் அன்று மாலையே முடிவெடுத்துவிட்டான். அடுத்த கேசட்டும் வெல்வெட்தான், டிரம்ஸுக்கு மெஷின்தான். கம்பம் போய் ரசிகர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியது. நான் எதற்கு வரவேண்டும் என்று கேட்டேன். ரசிகர்களோடு நிற்கும்போது போட்டோ எடுக்க ஆள் வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் மெஷினிடம் வேலையைப் பறிகொடுக்கப் போகிற நான், அந்த மெஷினின் வெற்றி விழாவுக்குக் கேமராவோடு போய்க்கொண்டிருந்தேன்.

உசிலம்பட்டியில் ஏறிய ஒரு பெரியவர் விக்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் சங்கிலி. கார்த்திகைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, ஆடியிலேயே மாலை போட்டுவிட்டீர்களே சாமி என்று மரியாதையாகக் கேட்டார். சபரிமலைக்குப் போகிற பாதை இது, அவர்மேல் தப்பில்லை. விக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எங்கள்மேல் கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து வந்தார்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கு மலைகளின் இடுக்கு வழியாக வந்து இறங்குகிற ஆடிக் காற்று. தேனி பஸ் ஸ்டாண்டில் தேநீர்க் கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே பாதித் தேநீர் பக்கத்து ஆளின் வேட்டிக்குப் போய்விட்டது. மீதிப் பாதிக்கும் இரண்டு ரூபாய்தான்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பதின்மூன்று ரூபாய். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். இருபக்கமும் மலை, நடுவில் நாற்றுப் பச்சை, வாழை, தென்னை. போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கண்ணை உறுத்துகிற பச்சை அது. பெரம்பூர்க்காரன் கண்ணுக்கு அவ்வளவு பச்சை ஒரே நேரத்தில் கொடுப்பது தப்பு. ஆனால் நான் ரசிக்கவில்லை. வழியில் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் என்ன பாட்டு ஓடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பாட்டு எங்கும் கேட்கவில்லை. இவர்கள் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற பக்தர்கள் போலிருக்கிறது என்று நினைத்ததும் இன்னும் பயமாகிவிட்டது.

பத்தரை மணிக்குக் கம்பம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் சாகுல் பாய் கடை. உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். வலதுபக்க அலமாரி முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, 'வெல்வெட் வானம்'. நூறு முயலாவது இருக்கும். எல்லாம் என்னையே பார்த்தன.

தன்னை யார் என்று பாய் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விக்டரின் ஆசை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், ஒருபக்கமாகத் திரும்பி நின்றான். பாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கம்பெனியிலருந்து வந்திருக்கீகளா?" என்று மட்டும் கேட்டார். விக்டர் மர்மமாகச் சிரித்து, ஒரு வகையில் அப்படித்தான் என்றான்.

அவ்வளவுதான், பாயின் முகம் மாறிவிட்டது. கணக்குப் பார்க்க வந்த அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார். அதன்பிறகு அளந்து அளந்துதான் பேசினார். ஆடி பிறந்தால் சரக்கு நிற்காது என்றார். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, தோட்டக்காரர்கள் என்றார். எதற்கு என்று நான் கேட்டபோது, அது அவரவர் தேவை என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே நேராக இருந்த கேசட்டுகளை நேராக அடுக்க ஆரம்பித்தார்.

விக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, உழைக்கிற ஜனம், வேலை அலுப்புக்கு நம் பாட்டுத்தான் மருந்து என்று என் காதில் சொன்னான். அதிகம் வாங்குகிறவர் யார் என்று விசாரித்தான். சுருளிப்பட்டிப் பரமசிவம், திராட்சைத் தோட்டக்காரர், ஒரு தடவைக்கு நாற்பது எடுப்பாராம்.

"நாப்பதா? ஒரே ஆளா?" என்றான் விக்டர். ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டான். சுருளிப்பட்டிக்கு எட்டு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். நாற்பது கேசட் வாங்குகிற ஒரு மனிதர் முன்னால் நிற்கும்போது மெஷினுக்குப் பதிலாக நான் என்ன சொல்லி வாதாட முடியும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

தோட்டத்துக்குள் திராட்சைப் பந்தல் தலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. பன்னீர்த் திராட்சை கறுத்துக் குலைகுலையாகத் தொங்கியது. குனிந்துதான் நடக்க முடியும். உள்ளே போகப் போக ஒரு சத்தம். ம்ம்ம் என்று அடிவயிற்றில் இறங்குகிற உறுமல். கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், நல்ல கனமான சத்தம். நம் பாட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் என்று விக்டர் என் தோளை அழுத்தினான். ஆனால் எந்தப் பாட்டு என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பந்தலை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தோம். பந்தலுக்கு மேலே, கல்தூணுக்குக் கல்தூண், வரிவரியாக, பழுப்பு நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு கேசட் நாடா. ஒவ்வொன்றும் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டப்பட்டு ஆடிக் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஏக்கர் கணக்கில் 'வெல்வெட் வானம்'.

பரமசிவம் வந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு. பாய் அனுப்பிய ஆட்கள் என்றதும் ஒளிவு மறைவில்லாமல் விளக்கினார். வெயிலில் மின்னுவதற்கும் காற்றில் உறுமுவதற்கும் பயந்து மைனாவும் கிளியும் இறங்காது. வலை வாங்கக் கட்டுப்படியாகாது, இது கட்டுப்படியாகும். எதற்கு இந்தக் கேசட்டே வேண்டும் என்று விக்டர் கேட்டான். குரல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது.

"சாமி பாட்டைக் கட்டுனா பாவம்ணே. சினிமாப் பாட்டைக் கட்டுனா மன்றத்துப் பயலுக சண்டைக்கு வந்துருவாய்ங்க, எங்காளு பாட்டைக் கொடியில காயப் போட்டியான்னு. இதுன்னா கேக்க ஒரு நாதியில்ல. நிம்மதியாக் கட்டலாம்."

விக்டர் பையிலிருந்து கேசட் அட்டையை எடுத்துக் காட்டி, நடுவில் நிற்பது நான்தான் என்றான். பரமசிவம் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மேலே ஆடுகிற நாடாவைப் பார்த்தார். உயிரோடு இருக்கிற மனிதனின் குரலைக் கொண்டுபோய்த் தூணில் கட்டிவிட்டோமே என்கிற சங்கடம் அவருக்கு. வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொன்னார்.

"முயலு நல்லா இருக்குண்ணே."

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மெஷினுக்கு ரசிகர் யாரும் இல்லை. ஆனால் விக்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் என் பயம் வேறு பக்கம் தாவியது. "ஊருக்குப் போனதும் குழுவைக் கலைச்சிடலாம்டா" என்றான், என்னைப் பார்க்காமல். மெஷின் வந்தால் எனக்கு மட்டும்தான் வேலை போயிருக்கும். இப்போது எல்லோருக்கும் போய்விட்டது.

பரமசிவத்தின் மனைவி ஈஸ்வரி மோர் கொண்டுவந்தார். நடந்ததைக் கணவர் மெதுவாகச் சொன்னதும் அவருக்கும் மனசு கேட்கவில்லை. எதையும் கேட்காமல் நாடாவை உரித்துப் போடுவது முறையில்லை என்று, ஒவ்வொரு வருடமும் ஒரு கேசட்டை முழுக்கப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை உரிக்கக் கொடுப்பாராம். ஆக, உலகத்தில் எங்களுக்கு ஒரு ரசிகை இருந்தார். விக்டர் தலை நிமிர்ந்தது.

"பாட்டு ஒரு எழவும் விளங்கலண்ணே. ஆனா அந்தக் கொட்டுக்காரர் இருக்காகளே, முதல்லருந்து கடைசி வரைக்கும் ஒரு இடத்துல தடுமாறல. அவுக நல்லா இருக்கணும்."

மோர் எனக்கு மூக்கு வழியாக வந்தது. மெஷினுக்கு வாழ்த்து! விக்டர் என்னைப் பார்த்தான். நான் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த கோம்பை நாயைப் பார்த்தேன். புலிக்கும் பயப்படாத ஜாதி என்று ஆட்டோக்காரர் வழியில் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று விழுந்தது. உச்சி வேளையில் கொஞ்ச நேரம் அப்படி விழுமாம். உறுமல் நின்றது, நாடா தொங்கியது, ஆற்றங்கரை மரத்திலிருந்து மைனாக் கூட்டம் கிளம்பியது. பழம் கறுத்த நாளில் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காற்று விழுந்தால் தோட்டத்தில் இருக்கிற யாராக இருந்தாலும், விருந்தாளியோ வியாபாரியோ, எழுந்து சத்தம் கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பது அவமரியாதை. ஈஸ்வரி என் கையில் ஒரு எண்ணெய்த் தகர டின்னையும் இரண்டு குச்சிகளையும் திணித்துவிட்டு, ஏய் ஓ என்று கத்திக்கொண்டு ஓடினார்.

முதலில் கூச்சமாகத்தான் தட்டினேன். மைனாக்கள் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. என் கண்முன்னால் ஒன்று பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தது. அதன் அலட்சியம் என்னை எங்கேயோ சுட்டது. எங்கள் முதல் கேசட்டின் அடியை எடுத்தேன். டின் நசுங்கியது.

பின்னால் விக்டர் எழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் கத்தல். ஆறு வருடமாக அவன் எடுக்காத கத்தல். அடிவயிற்றில் பிறந்து, மேலே ஏறி, சுருளி மலையில் முட்டித் திரும்பி வந்தது. மைனா, கிளி, பக்கத்துத் தோட்டத்துக் கொக்கு எல்லாம் மொத்தமாக எழும்பின. பாதியில் அவனுக்கு மூச்சு முட்டியது. வயது. எனக்குத் தெரியாமலே என் கை அடியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. அவன் காற்றை வாங்கிக்கொண்டான், மறுபடி ஏறினான், நானும் ஏறினேன். முடித்தபோது வானத்தில் ஒரு இறகுகூட இல்லை. கோம்பை நாய் ஈஸ்வரியின் சேலைக்குப் பின்னால் நின்றது.

பரமசிவம்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"இதையில்லண்ணே கேசட்டாப் போட்டிருக்கணும்?"

"போட்டோம்" என்றான் விக்டர். "விக்கல."

"இங்கன வரலியே. வந்திருந்தா நாடாவை உரிச்சா இருப்பேன்? ஸ்பீக்கரை வச்சுல்ல போட்டிருப்பேன்."

ஈஸ்வரிக்கு வேறு சந்தேகம். கேசட்டில் தடுமாறாமல் வாசித்தவர் இவர்தானா என்று என்னைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்ட எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். அதற்குள் விக்டர் சொல்லிவிட்டான்.

"அது மெஷின்மா. இவன் தடுமாறுவான். ஆனா எனக்கு மூச்சு எங்க நிக்கும்னு இவனுக்குத் தெரியும். மெஷின் நிக்காது, போயிக்கினே இருக்கும்."

இருபது வருடத்தில் விக்டர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் என்னிடம் சொல்லவில்லை, என்னைக் காட்டி இன்னொருவரிடம் சொன்னான். நான் நசுங்கிய டின்னை நிமிர்த்தப் பார்த்தேன். அது நிமிரவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பத்தில் பஸ் ஏறினோம். பரமசிவம் கொடுத்த திராட்சை இரண்டு கூடை மடியில். வரும்போது பார்க்காததையெல்லாம் இப்போது பார்த்தேன். சின்னமனூர் தாண்டியும் வயல்களுக்கு மேலே எங்கள் காதல் பாட்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு இசைக்குழுவின் பாட்டு இத்தனை ஏக்கருக்குப் பரவி நான் பார்த்ததில்லை. பெரம்பூரில் எங்கள் சத்தத்துக்குக் கல் எறிந்திருக்கிறார்கள், போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கத்துங்கள் என்று கேட்ட ஊர் இது ஒன்றுதான்.

தேனி வருவதற்குள் விக்டர் குழுவைக் கலைக்கும் யோசனையைக் கலைத்துவிட்டான். மெஷினை விற்றுவிடலாம் என்றான். புதுக் கேசட்டில் ஒன்பது பாட்டு, ஒன்பதும் பழைய வேகம், எல்லாம் உன் கையில்தான் என்றான். நான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்தது. அந்த நிமிடம் என் வலது தோள்பட்டை விழித்துக்கொண்டது. மத்தியானம் அடித்தது ஐந்து நிமிடம் இருக்குமா? அதற்கே கூடையைத் தூக்க முடியவில்லை. ஒன்பது பாட்டு. நாற்பத்தாறு வயது. வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டு வந்தவன், வேலை கிடைத்துவிட்டதே என்று நடுங்க ஆரம்பித்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் விக்டர் கண் பளபளக்க என் பக்கம் திரும்பினான். முதல் பாட்டை எடுத்த எடுப்பில் எவ்வளவு வேகமாக வைக்கலாம் என்று கேட்டான்.

"நடுவுல மெதுவா ஒரே ஒரு காதல் பாட்டு வச்சுக்கலாமே விக்டர்" என்றேன்.