அத்தையின் இடுப்பில் இருந்த கிருமி

அத்தைக்கு இடுப்பில் சுளுக்கு என்று முதலில் தீர்ப்புச் சொன்னது எங்கள் தெருதான். அப்பாவின் தங்கையான அவள், செராமிக் பட்டறையில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பொம்மை அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்றுகிறவள். இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டார். வலி கூடியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலமானால் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சுளுக்குக்குக் காய்ச்சல் வருமா என்று நான் கேட்டேன். போய்ப் படி என்றார்கள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அத்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது காலை மடக்கி முட்டியை மெல்ல வெளிப்பக்கமாக அழுத்தினார். அத்தை கத்திவிட்டாள். இடது காலை அழுத்தியபோது பேசாமல் இருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேர்கிற மூட்டில் சீழ் கோத்திருந்தது.

மருந்தை உடனே ஆரம்பிக்கச் சொல்லி அப்பா மன்றாடினார்.

"மொதல்ல ஊசி போட்டு அந்தச் சீழை எடுத்துக்கறோங்க. அதை வளத்துப் பாத்தாதான் என்னன்னு தெரியும். மருந்து முந்திக்கிட்டா கிருமி கண்ணுல படாமப் போயிடும்" என்றார் டாக்டரம்மா.

வளர்ப்பது என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கே வளர்ப்பீர்கள், என்ன தீனி போடுவீர்கள் என்று நர்ஸக்காவை நச்சரித்தேன். சின்னத் தட்டில் சத்துக்கூழ் ஊற்றி, கதகதப்பான பெட்டிக்குள் வைப்போம் என்றார். கிருமி நன்றாகச் சாப்பிடுகிறதாம் என்று அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வலியோடு சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

முடிவு வந்தது. நம் தோலில் சாதாரணமாக இருக்கிற கிருமிதானாம். முன்பு அக்குளில் வந்திருந்த கட்டியை அத்தை கிள்ளிவிட்டபோது ரத்தத்தில் ஏறி அங்கே போய் உட்கார்ந்திருக்கலாமாம். அதற்கென்றே மருந்து உண்டு, வாரக்கணக்கில் நரம்பில் ஏற்ற வேண்டும், பிறகு மாத்திரை என்றார் டாக்டரம்மா.

"அப்ப, வேற ஒண்ணும் இல்லீங்களே?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்க. கிருமி மட்டுந்தான்."

அப்பா தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அத்தை தேறினாள். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து, மறுபடி பட்டறைக்கும் போனாள். ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத புற்றுநோய்க்குத்தான் அப்பா அத்தனை நாளும் பயந்திருந்தார் என்பதும் தெரியாது. அப்பாவே அழுகிறார் என்றால் இது எவ்வளவு பொல்லாத கிருமியாக இருக்க வேண்டும் என்று பயந்து, அத்தையின் கட்டிலில் ஏறி அவளை இறுகக் கட்டிக்கொண்டேன்.