சத்தமில்லாத பியானோவும் பக்கத்து வீட்டு ராத்தாவும்

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது. இருந்தும் கத்தாரில் வேலை செய்த மாமா அனுப்பிய பெரிய பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது ஒரு டிஜிட்டல் பியானோ. உக்குவளையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முன்னறையில் அதை வைக்க இருந்த ஒரே இடம், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரோரம். அப்பா சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு இடம் பண்ணினார். அன்றிலிருந்து மேசையைச் சுற்றி இடித்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் யாரும் சோறு சமைத்ததில்லை.

கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை. அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்த என் சித்தி, சந்தியில் போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தாள். அவள்தான் டேப்லெட்டில், எங்கள் வீட்டுப் பேச்சில் டெப்பில், ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். நான் வாசிப்பதை டெப் கேட்டுக்கொண்டே இருக்கும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. அம்மா கிரைண்டரைப் போட்டால் அதற்கும் எனக்கொரு சிவப்பு விழும். அப்படியும் ஒரு வருடத்தில் நாலைந்து பாட்டுகள் கைக்கு வந்தன.

பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய காரியம் வாய்த்தது. பரிசளிப்பு விழாவில் எங்கள் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவுக்குப் பியானோ வாசிக்க ஒருவர் வேண்டும். இரண்டு மாதத்தில் பாட்டை எங்கும் தடுக்கி நிற்காமல் வாசிப்பவளுக்கே இடம் என்று டீச்சர் சொன்னார். போட்டிக்கு இருந்த இன்னொருத்தி கண்டிக்குப் போய்ப் பியானோ வகுப்பில் படிக்கிறவள். எனக்கிருந்தது டெப் மட்டும்.

அந்த வாரமே பக்கத்து வீட்டில் சாவு விழுந்தது; நானா மௌத்தானார். மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர், தெருவில் எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானாதான். அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவோம். பிள்ளைகள் கொழும்பில். கணவனை இழந்த மனைவி வீட்டோடு இருக்கும் இத்தா முடியும்வரை, அதாவது நாலு மாதமும் பத்து நாளும், ராத்தா வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். அம்மா அன்றைக்கே படுக்கை விரிப்பை எடுத்துப் பியானோவை மூடினாள்.

"அந்தப் பக்கம் ஒரு மனுசி அழுதுகிட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் நீ பாட்டு வாசிப்பியா? நல்லாத்தான் இருக்கு!"

ராத்தாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் போய்க் கேட்பதே மரியாதைக் கேடு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுதேன்.

சித்திதான் வழி கண்டுபிடித்தாள். ஹெட்போனை மாட்டினால் பியானோவின் சத்தம் வெளியே வராது. ஆனால் அப்போது டெப்புக்கும் கேட்காது. ஆகவே இரண்டையும் வயரால் இணைக்க வேண்டும். "அதென்ன பெரிய வேலை" என்று அப்பா முன்வந்தார். பியானோவின் பின்பக்கத்துத் தட்டை ஓட்டையில் ஒரு வயரைச் செருகிவிட்டு, அரை மணிநேரம் டெப்பை முறைத்துக்கொண்டிருந்தார். டெப் அசையவில்லை.

"அத்தான், அது பென் டிரைவ் போடுற ஓட்டை. பக்கத்துல சதுரமா ஒன்னு இருக்கு பாருங்க. எங்க கடை பிரிண்டர் வயர் இதுக்குச் சரியா வரும்" என்றாள் சித்தி.

மறுநாள் கடை பூட்டியதும் முதலாளியிடம் கேட்டு, பிரிண்டர் வயரைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். டெப்பில் மாட்டும் குட்டி வயரை மாத்தளை டவுனில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியிருந்தாள். எல்லாவற்றையும் மாட்டி, செயலிக்குள் போய் எதையோ மாற்றிவிட்டு, "அமுக்குடி" என்றாள். ஒரு கட்டையை அமுக்கினேன். வீட்டில் சத்தமில்லை, டெப்பில் பச்சை எரிந்தது. அடேயப்பா! சித்தியைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதன்பிறகு அந்த வயர் காலையில் அவளோடு கடைக்குப் போய், பொழுதுபட அவளோடு வீட்டுக்கு வந்தது.

மூன்று வாரம் போனது. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் இடது கை பிந்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா பாய்ந்து வந்து என் ஹெட்போனைக் கழற்றினாள்.

"நிப்பாட்டு! அங்கருந்து சுவத்துல தட்டுறாங்க!"

டக், டக், டக். எனக்கும் கேட்டது. சித்தி என்னை மறுபடி வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்துப் பார்த்தாள். பாட்டு இல்லை, ஆனால் கட்டைகள் அமுங்கும் டொக் டொக் சத்தம் அப்படியே சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அப்போதே பியானோவைத் தூக்கிப் பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அங்கேதான் இடது கை வழிக்கு வந்தது. இடமும் எனக்கே கிடைத்தது. விழாவில் ஒரு பிசகில்லாமல் வாசித்தேன். கண்டிக்குப் போகிறவளே தேடி வந்து கைகொடுத்தாள். சித்தி கடைசி வரிசையில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தா முடிந்த வாரம், ராத்தா ஒரு தட்டில் கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். முன்னறைச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனத்துக்கு மகள் நிப்பாட்டினீங்க? நான் பொழுதுபட மஃரிப் தொழுதுட்டு அந்தச் சுவரோரமாத்தான் வந்து இருப்பேன். ஒரு எடத்துல தடுக்கிக்கிட்டே இருந்தீங்க. தாளம் சொல்லுவம்னு தட்டினேன். அதோட ஒன்னும் கேக்காமப் பெய்த்து."

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. இப்போது தடுக்காமல் வாசிப்பேன் என்று அவரைப் பின்னறைக்கு இழுத்துப் போய், ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, நல்ல சத்தமாக முழுப் பாட்டையும் வாசித்தேன். "மாஷா அல்லாஹ்" என்றார் ராத்தா. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மகள். சத்தத்தக் கொறைச்சிட்டு, முந்தி மாதிரி ஒருக்கா வாசிங்களேன்."

சித்தி சத்தத்தை முழுவதும் குறைத்தாள். நான் வாசித்தேன். ராத்தா கண்ணை மூடி, மடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

எனக்குக் கோபமான கோபம். ஊரே கைதட்டிய பாட்டை இந்த மனுசி வெறும் டொக் டொக்காகக் கேட்கிறாரே! சித்தி என் தோளை அழுத்திப் பிடித்தாள், அதுவும் ஏனென்று விளங்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போய்விட்ட வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்பது ராத்தாவுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும், அந்தத் துணையைத்தான் மரியாதை என்று சொல்லி நாங்கள் நாலு பேராகத் தூக்கிப் பின்னறையில் வைத்தோம் என்றெல்லாம் யோசிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் வேண்டியிருந்தன. அன்றைக்கு என் கவலையெல்லாம் வட்டிலப்பத்தை யாரும் முந்தி வெட்டிவிடக் கூடாது என்பதுதான். கடைசி இரண்டு வரிகளை விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.