‘இருக்கிறார்களா?’ என்று கேட்டுவிட்டு அச்சிட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் அச்சக முதலாளி கைபேசியில் அழைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

“கமலவேணி அக்கா போயிட்டாங்கம்மா” என்றார்.

“யாருங்க பாய் சொன்னாங்க?”

“அவங்க கூட வேலை பார்த்த புள்ளதான் நீ. சரி, மகளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரு” என்றார்.

அக்காவின் மகள் சுகந்தியை அழைத்தேன். “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா சுகந்தி?” என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் எதற்காக இப்படிக் கேட்கிறேன் என்று தெரியும். “இல்லீங்க்கா. அம்மா காப்பி குடிச்சாங்க. செத்த நேரம் சாஞ்சுக்கறேன்னாங்க. அவ்வளவுதானுங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

இரண்டு பேர் சொல்லாமல் ஒரு சாவை நம்பக்கூடாது என்பது எங்கள் அச்சகத்தின் சட்டம். அதைப் போட்டவரே கமலவேணி அக்காதான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் சிறிய அச்சகத்தில் அவர்கள் பிழை திருத்துபவராக இருந்தார்கள். ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்கள். கொண்டையில் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசையெல்லாம் தேடுவார்கள். “யாரு சாமி என் பேனாவை எடுத்தது?” என்று அவர்கள் கேட்டால் நாங்கள் யாரும் பதில் சொல்ல மாட்டோம். அவர்களாகத் தலையைத் தொட்டுப் பார்க்கும் வரை காத்திருப்போம்.

கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், பள்ளி நூலகங்களுக்கான சிறு நூல்கள் என்று எல்லா வேலையும் எங்களுக்கு வரும். ஆனால் மிக அவசரமாக வருவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. படம் வாட்ஸப்பில் வரும், அடுத்த ஒரு மணி நேரத்தில் சுவரில் ஒட்டியாக வேண்டும். நான் சேர்வதற்கு முன்பு அப்படி ஒரு வேலை வாழப்பாடியிலிருந்து வந்திருக்கிறது. இறந்தவர் அண்ணன். அனுப்பியவரோ குடும்பப் படத்திலிருந்து தம்பியின் முகத்தை வெட்டி அனுப்பிவிட்டார். அந்தப் படத்தோடு அச்சாகி, ஊர் முழுக்க ஒட்டியும் முடிந்தது. மறுநாள் அந்தத் தம்பியே கிழித்த சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்துவிட்டார்.

“இது நான்தாங்க” என்றாராம்.

அக்கா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அவரோ உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, “படம் நல்லா விழுந்திருக்குது. அழிச்சிராதீங்க, கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். பின்னால உதவும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்துதான் அந்தச் சட்டம். செய்தி கொண்டு வந்தவரைத் தவிர வீட்டில் இன்னொருவரிடம் போனில் பேசாமல் அக்கா எந்தச் சுவரொட்டியிலும் ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட மாட்டார்கள். போனில் நேராகவும் கேட்க மாட்டார்கள். “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்பார்கள். மறுமுனையில் வருவதை வைத்துப் புரிந்துகொள்வார்கள். படத்தையும் அந்த இரண்டாம் ஆளுக்கு அனுப்பி, இவர்தானா என்று கேட்பார்கள்.

நான் இங்கே தட்டச்சு செய்யவும் மொழிபெயர்க்கவும் சேர்ந்தேன். அப்பா இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலப் புத்தகம் என்று ஒன்று வந்ததே நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். அதனால் அச்சில் இருப்பது தவறாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. பேசவும் வராது. சேர்ந்த முதல் மாதம் முழுவதும் அக்கா, “இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குதா, இல்ல அதையும் நாந்தான் போட்டுத் தரணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சென்ற ஆண்டு பாய், உலகப் பழங்குடிகளைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு நூல் கொண்டுவர நினைத்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அதில் அம்ப்குவா மக்களைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் ஓரிகன் என்ற மாநிலம். அங்கே ஓடுகிற அம்ப்குவா என்ற ஆற்றின் கரைகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆற்றில் மீன் பிடித்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், நாரில் கூடை பின்னினார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் வெள்ளையர் ஒப்பந்தம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பலரை மழைக்குளிரில் வடக்கே நடத்திக் கூட்டிப்போய் வேறிடத்தில் குடிவைத்தார்கள். சிலர் போக மறுத்து மலைகளில் ஒளிந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு 1954இல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பகுதிப் பழங்குடிகளை இனிப் பழங்குடிகளாக அரசாங்கம் கருதாது என்றது சட்டம். புத்தகம் அத்தோடு முடிந்திருந்தது.

நான் அதை மொழிபெயர்த்து, ‘மறைந்துபோன மக்கள்’ என்ற தலைப்பின் கீழ் வைத்தேன். பக்கத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம் வேண்டும் என்று பாய் சொன்னார். புதிதாக வரையாமல், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக் கோப்பிலிருந்த கட்டத்தை எடுத்து அப்படியே ஒட்டினேன். கடைசிப் புரூப்பில் அக்கா இரண்டு பிழைகள் திருத்திவிட்டு ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பல பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் பெரிய தாளைப் பாரம் என்போம். எல்லாப் பாரங்களும் அச்சில் ஓடி முடிந்தன. புத்தகமாகத் தைப்பதற்கு இன்னும் அனுப்பவில்லை. அட்டைக்கு அம்ப்குவா ஆற்றின் படம் ஏதாவது கிடைக்குமா என்று கைபேசியில் தேடினேன். ஆறு வந்தது. அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு படம் வந்தது. டி-சட்டை போட்ட பிள்ளைகள், நாற்காலியில் முதியவர்கள், பின்னால் வரிசையாகக் கார்கள். அம்ப்குவா பழங்குடியினரின் ஆண்டுக் கூடுகை என்று கீழே எழுதியிருந்தது. மிகச் சமீபத்துப் படம். படத்திலிருந்த ஒரு சிறுமி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அச்சகத்தில் யார் ‘அச்சிடலாம்’ என்று எழுதுகிறார்களோ அவர்கள்தான் பிழைக்குப் பொறுப்பு. தவறு என்னுடையது, கையெழுத்து அக்காவுடையது. சொன்னால் அவர்கள் தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்ப்குவா மக்கள் வாழப்பாடிக்காரரைப் போலச் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு அஸ்தம்பட்டிக்கு வந்துவிடப் போவதில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபோது, கைபேசியை அதன் பக்கத்தில் வைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை. அக்கா படத்தைப் பார்த்தார்கள். கீழே இருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்கள்.

“நாம கறுப்புக் கட்டம் போட்டோமே, அவங்களா கண்ணு?”

“ஆமாங்க்கா.”

“தெருவுல ஒருத்தரு போயிட்டாருன்னா ரெண்டு பேருகிட்ட கேக்கறேன். ஒரு சனமே போயிருச்சுன்னு எழுதியிருக்குது, ஒருத்தருகிட்டயும் கேக்காம கையெழுத்துப் போட்டுப்போட்டனே!”

நான் அந்த 1954 சட்டத்தைச் சொன்னேன். அதற்கு முன்பும் பின்பும் என்ன நடந்தது என்று இரண்டு நாளாகத் தேடிப் படித்ததையும் சொன்னேன். அவர்களில் கௌ கிரீக் என்ற பிரிவுக்கு அப்படி ஒரு சட்டம் வருகிறது என்று யாரும் முன்கூட்டித் தெரிவிக்கவே இல்லையாம். ஆனாலும் அவர்கள் கலைந்து போகவில்லை. ஒன்றாகக் கூடிக்கொண்டே இருந்தார்கள், வழக்காடினார்கள், 1982இல் அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கினார்கள். அவர்களுடைய உறவினர்கள் சேர்ந்திருந்த வேறு சில பழங்குடிகளுக்கும் அடுத்தடுத்து அது கிடைத்தது.

“ரேசன் கார்டுல பேரை அடிச்சுப்போட்டா ஆளு செத்துருவாங்களா?” என்றார்கள் அக்கா. “அதுவும் ஊட்டுக்காரங்களுக்கே சொல்லாம போஸ்டர் ஒட்டியிருக்கறானுங்க. எந்திரி, பாய்கிட்டப் போலாம்.”

பாயிடம் அக்கா, “பிழை என்னுதுங்க பாய். கையெழுத்து என்னுது. ஒரு பாரம் திரும்ப ஓட்டோணும்” என்றார்கள்.

“அக்கா, அமெரிக்காக்காரங்க இங்க வந்தா படிக்கப் போறாங்க?”

“வாழப்பாடிக்காரர் வந்து படிச்சாருல்லங்க?”

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “அதை எழுதினது யாரு?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள், “நான்தாங்க பாய். கட்டமும் நான்தான் போட்டேன்” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, “வாய் இருக்குதுங்க பாய், இந்தப் புள்ளைக்கு” என்றார்கள்.

“அப்ப ரூல் ரூல்தான். போன் போட்டுக் கேளுங்க. இருக்கோம்னு சொன்னா மாத்துவோம்” என்றார் பாய்.

அங்கே பகலாக இருக்கும்போது இங்கே ஊர் அடங்கிவிடும் என்பதால் மின்னஞ்சல் எழுதுவதென்று முடிவாயிற்று. அம்ப்குவா வழிவந்த பழங்குடி ஒன்றின் அலுவலக முகவரி கிடைத்தது. எழுத உட்கார்ந்தால் விரல் ஓடவில்லை. ஒரு மக்களிடம், நீங்கள் இருக்கிறீர்களா என்று எப்படிக் கேட்பது? ஐந்தாறு முறை எழுதி அழித்தேன். அக்கா பின்னால் வந்து நின்று, “நான் எப்படிக் கேப்பேன்?” என்றார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். அங்கே எல்லோரும் நலமா என்று தொடங்கி, நாங்கள் செய்த தவறைச் சொல்லி, கூடைப் படத்தோடு அச்சான அந்தப் பக்கத்தையும் இணைத்து, மன்னிப்புக் கேட்டேன். அந்த மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர் என்று அக்காவிடம் சொன்னேன். “நம்ம அஸ்தம்பட்டி மாதிரி அங்கயும் ரவுண்டானாவுல வண்டி நகராம நிக்குதான்னு அதையும் ஒரு வரி கேளு” என்றார்கள். அதை நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் கணினியைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. எழுதியவர் ஒரு பெண். எல்லோரும் நலம், கேட்டதற்கு நன்றி என்று இருந்தது. பிறகு திருத்தங்கள். அம்ப்குவா என்பது ஒரே மக்களின் பெயரல்ல, அந்த ஆற்றை ஒட்டி வாழ்ந்த, வெவ்வேறு மொழி பேசிய பல கூட்டங்களுக்கு வெளியார் சேர்த்து வைத்த பொதுப்பெயர். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று தம்மைத் தாமே நிர்வகிக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பழங்குடி அரசுகளில் இருக்கிறார்கள். மருத்துவமனை நடத்துகிறார்கள், பழைய மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள், கோடை முடிகிற காலத்தில் குடும்பம் குடும்பமாக மலைக்குப் போய்க் காட்டுப் பழங்கள் பறிக்கிறார்கள். கடைசியில் மேலும் ஒரு திருத்தம்: நான் பயன்படுத்திய பழைய கூடைப் படம் அவர்களுடையதே அல்ல, பக்கத்து ஆற்றுக்காரர்களுடையது.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். கூடைக்கு வந்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

“பாத்தியா சாமி, உசுரோட இருக்கறவங்கதான் திருத்தம் சொல்லுவாங்க.”

அந்தப் பாரம் திரும்ப ஓடியது. ‘மறைந்துபோன மக்கள்’ என்ற தலைப்பும் கறுப்புக் கட்டமும் போயின. புதுப் பக்கத்தின் தலைப்பை அக்காவே தம் கையால் எழுதிக் கொடுத்தார்கள்: ‘அம்ப்குவா மக்கள் இருக்கிறார்கள்.’ அச்சான தாளைக் கையில் பிடித்தபடி அவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஓரிகனுக்கு அனுப்புவதற்காக. அந்தப் படத்தில் அக்கா சிரிக்கிறார்கள். தாளைக் கொஞ்சம் உயரமாகவே தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் நோய் தெரிந்தது. வேலைக்கு வருவது நின்றது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். நல்ல வலி. பேசும்போது நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். ஒருமுறை நான், “அன்னைக்கு நான் சொல்லாம இருந்திருந்தா என்னங்க்கா ஆயிருக்கும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆயிருக்காது. நான் இப்படியே படுத்திருப்பேன். நீ பக்கத்துல உக்காந்துட்டு எம் மூஞ்சியப் பாக்கமாட்டாம ஜன்னலையே பாத்துட்டு இருந்திருப்ப” என்றார்கள். கொஞ்சம் கழித்து, “நேரமாச்சு, பஸ்ஸு போயிரும். போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுக் கிளம்பு” என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சாவு வீட்டில் அவர்கள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிந்தது. துக்கம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வலி நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டியது எதுவும் அவர்களிடம் சொல்லாமல் பாக்கி இல்லை.

சுவரொட்டி தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. சுகந்தி அனுப்பியது நான் எடுத்த அதே படம். முகத்தை மட்டும் வெட்டி எடுக்கத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் வெட்டவில்லை. முழுப் படத்தையும் வைத்து, அக்காவின் வீட்டுக்காரருக்கு அனுப்பி, “இவங்கதானுங்களா?” என்று கேட்டேன். “அவளேதானுங்க சாமி” என்றார். கையெழுத்துப் போடச் சிவப்புப் பேனாவைத் தேடினேன். அக்காவின் மேசை இழுப்பறையில் இருந்தது. ‘அச்சிடலாம்’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை வேலைக்கு வரும்போது ரவுண்டானா அருகே சுவரில் அதைப் பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் அக்கா சிரித்துக்கொண்டு, கையிலிருக்கும் தாளைப் போவோர் வருவோருக்கெல்லாம் தூக்கிக் காட்டுகிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு எழுத்து தெரியாது. நடந்து போகிறவர் ஒரு நிமிடம் கிட்டே போய் நின்றால் தெரியும், தாளில் ‘இருக்கிறார்கள்’ என்று அச்சாகியிருப்பது.

போய் வாருங்கள் அக்கா. இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.