அப்பாவின் ரத்தத்தில் மார்ஃபின்

என் பெரியக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அந்த வேலையிலேயே ஊறிப்போனதில் உலகமே அவளுக்கு டிக்கெட் இல்லாத பயணியாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் என்றால் வாயில் தெர்மாமீட்டரை வைக்கும்வரை, சூட்டைக் கூட்டிக் காட்ட நான் வெந்நீர் ஏதும் குடித்துவிடுகிறேனா என்று பக்கத்திலேயே நிற்பாள். வீட்டில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, வலிக்கு கோடீன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேளை தவறாமல் கொடுத்தவள் அண்ணி. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். மறுநாள் அப்பாவை எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்தார். ஆனால் ரத்தத்தில் மார்ஃபின் ஏகத்துக்கு இருந்தது.

அக்கா மாத்திரை அட்டையைச் சரிபார்த்தாள். ஒன்றுகூடக் கூடுதலாகக் கொடுக்கப்படவில்லை. அதுதான் அவள் சந்தேகத்தைக் கிளப்பியது. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல மார்ஃபினே கிடையாது. அப்புறம் எங்கேருந்து வந்துது? ஆஸ்பத்திரியில மார்ஃபின் வச்சிருக்கிற வார்டு அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கு, சொல்லு."

அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அண்ணியை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அண்ணன் இரண்டு பக்கமும் இடி வாங்கினான். எனக்கு அக்காவைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

நஞ்சுகளை ஆராயும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"கோடீன் உள்ள போனதும் கல்லீரல் அதுல கொஞ்சத்தை மார்ஃபினா மாத்தும். வலி குறையறதே அதாலதான். நிறைய பேருக்கு அது நிதானமா நடக்கும். உங்க அப்பாவுக்கு அசுர வேகம். பிறவியிலேயே அப்படி. மரபணு டெஸ்ட்ல தெரிஞ்சுடுச்சு. சரியான அளவு குடுத்தும் அவருக்கு விஷமாயிடுச்சு."

வெளியே வந்ததும் அக்கா என் காதைக் கடித்தாள். "இந்த டாக்டர் அவளுக்கு வேண்டியவரா இருப்பாரோ?"

திரும்ப உள்ளே போய்க் கையை நீட்டினாள். "பிறவின்னா எனக்கும் இருக்கணுமில்ல? என் ரத்தத்தையும் பாருங்க."

இருந்தது. அப்பாவுக்கு இருந்தது அப்படியே.

அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அக்கா மன்னிப்புக் கேட்டாள். அண்ணி "பரவாயில்லக்கா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அப்பாவுக்குத் தன் கையால் மாத்திரை கொடுப்பதில்லை. சாதாரணச் சளிக்குக்கூட அக்காவுக்குப் போன் போகும். அக்கா ஊரின் அந்தக் கோடியிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

நேற்றும் வந்தாள். அப்பா மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை அண்ணி கதவோரம் நின்று அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.